கிறிஸ்மஸ் கேக் நடுவில் குழி விழுகிறது, நட்சத்திரக் கூடு பால்கனியில் கிழிகிறது: யாராவது வழி சொல்லுங்கள்

கேள்வி: வெள்ளவத்தை மாடிவீடு

வணக்கம். போன கிறிஸ்மஸுக்கு வீட்டில் செய்தவற்றில் எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று எழுதுகிறேன். இந்த முறை டிசம்பர் பிறக்க முதலே கேட்டு வைத்தால் நல்லது என்றுதான்.

நான் சைவ வீட்டுப் பிள்ளை, கணவர் வீட்டார் கத்தோலிக்கர். மாமி இருந்தவரை கேக் வேலை முழுக்க அவர் பொறுப்பு. எனக்குப் பழம் வெட்டுவதும், கேக் துண்டுகளைத் தாளில் சுற்றுவதும்தான் வேலை. அவர் காலமான பிறகு அவருடைய கொப்பியை வைத்துக்கொண்டு செய்தேன். கொப்பியில் எல்லாம் இறாத்தல் கணக்கு. ரவை அரை இறாத்தல், பட்டர் முக்கால் இறாத்தல், சீனி ஒரு இறாத்தல், மஞ்சள் கரு 12, வெள்ளைக் கரு 6. அதற்குப் பிறகு பிளம்ஸ் (உலர்ந்த முந்திரிகை), சுல்தானா, செரி, கஜு, சௌசௌ, புஹுல் தோசி (சீனிப்பாகில் செய்த நீற்றுப்பூசணி), இஞ்சி என்று ஒரு பக்கம் போகிறது. கேக் சுடுகிற அவனின் (oven) சூட்டைப் பற்றி ஒரே ஒரு வரி: 'மெல்லிய சூடு'.

கடையில் கஜு விலையைப் பார்த்துவிட்டு, பழம் கஜு எல்லாவற்றையும் பாதியாக்கினேன். மற்றதெல்லாம் கொப்பியில் உள்ளபடியே. பொங்காமல் போய்விடுமோ என்று ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் போட்டேன். மேசை அவனில் 180இல் வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் மேற்பக்கம் கறுத்துவிட்டது. வெளியே எடுத்து ஆறவிட்டால் நடுவில் குழி. வெட்டிப் பார்த்தால் பழமெல்லாம் அடியில் ஒரு படையாகக் கிடக்கிறது, மேலே வெறும் மஞ்சள் கேக், இரண்டுக்கும் இடையில் களி. கணவர் "ருசி நல்லாயிருக்கு" என்றார். கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டுதான் சொன்னார்.

மில்க் டொபி செய்த அன்று நன்றாக இருந்தது. துண்டு போட்டுத் தட்டில் அடுக்கி, மூடாமல் மேசையில் வைத்தேன். அடுத்த நாள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, தொட்டால் விரலில் பிசுபிசுப்பு.

மகன் நட்சத்திரக் கூடு கட்டினான். மூங்கில் சிம்பு, டிஷ்யூ பேப்பர், கோதுமை மாப் பசை. எங்கள் பால்கனி கடல் பக்கம். இரவுக் காற்றில் ஒரு மூலை பிரிந்தது, மழைத் தூறலில் மற்ற மூலைகளும் போய்விட்டன. மிஞ்சியது ஐந்து மூலையுள்ள மூங்கில் கூடும் அதற்குள் ஒரு பல்பும்.

சரிவந்த ஒன்றும் உண்டு. மகள் பாலன் குடிலுக்குச் சிரட்டைகளில் குரக்கன் முளைக்கப் போட்டாள். கிறிஸ்மஸ் இரவுக்கு நல்ல பச்சைப் புல்லாக வந்திருந்தது. ஆட்டுக்குட்டி பொம்மைகளைவிடப் புல் உயரம், அது வேறு கதை.

கேக்கையும் கூட்டையும் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்குக் கைராசி இல்லை என்று மட்டும் சொல்லவேண்டாம், அதை வீட்டிலேயே சொல்கிறார்கள்.


மறுமொழி: புறக்கோட்டைப் பொடியன்

அக்கா, கஜு, பட்டர், முட்டை, காஸ் எல்லாம் கூட்டிப் பாருங்கள். கடையில் ஒரு கிலோ வாங்கினால் காசும் மிச்சம், டென்ஷனும் இல்லை. கூடு மெயின் வீதியில் விதவிதமாகத் தொங்குகிறது, மடித்து வைக்கக்கூடிய பிளாஸ்டிக் கூடு. அடுத்த வருடமும் பாவிக்கலாம்.


மறுமொழி: கொட்டாஞ்சேனை அன்ரி

தம்பி, கடையில் வாங்குகிறவர்கள் வாங்கட்டும். இந்தப் பிள்ளை கேட்டது செய்வதற்கு வழி.

பிள்ளை, உங்கள் மாமியின் கொப்பியில் பிழை இல்லை. ஏறக்குறைய அதே அளவில்தான் எங்கள் வீட்டிலும் செய்கிறோம். இறாத்தலைக் கிராமுக்கு மாற்றினால் ரவை 225, பட்டர் 340, சீனி 450 வரும். பிழைத்தது நீங்கள் பழத்தைக் குறைத்த இடத்தில்.

நாங்கள் செய்கிற இந்தக் கேக்கில் கோதுமை மா போடுவதில்லை. ரவைதான், அதுவும் கொஞ்சம். பழமும் தோசியும் கஜுவும்தான் கேக்குக்கு உடம்பு. முட்டையும் பட்டரும் ரவையும் அந்த உடம்பை ஒட்டிவைக்கிற வேலையைத்தான் செய்கின்றன. ரவை ஒரு பங்கென்றால் இந்தப் பழம், தோசி, கஜு எல்லாம் சேர்ந்து ஏழெட்டுப் பங்கு வரும். அதில் பாதியை எடுத்துவிட்டு 12 மஞ்சள் கருவையும் முக்கால் இறாத்தல் பட்டரையும் அப்படியே விட்டால் கலவை தண்ணியாகத்தான் இருக்கும். தண்ணிக் கலவையில் பழம் தாழாமல் என்ன செய்யும்? காசைப் பார்க்கவேண்டுமென்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். 6 மஞ்சள் கரு, 3 வெள்ளைக் கரு, சின்னத் தட்டு. கஜு மட்டும்தான் கட்டுப்படியாகவில்லை என்றால் அதைக் குறைத்து, குறைத்த எடைக்கு சுல்தானாவைக் கூட்டுங்கள். நான் ஒரு வருடம் அப்படிச் செய்து கொடுத்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

பேக்கிங் பவுடர் இதற்கு ஆகாது. அது காற்றை உண்டாக்கி மேலே தூக்கும், தூக்கியதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே மா இல்லை. அவனை விட்டு வெளியே வந்ததும் இறங்கிவிடும். உங்கள் குழி அதுதான். இந்தக் கேக் பொங்குகிற கேக் இல்லை பிள்ளை. ஊற்றிய உயரத்தில் கொஞ்சம் கூடினால் போதும். வெள்ளைக் கருவை அடித்துக் கடைசியில் சேர்ப்பதே அந்தக் கொஞ்சத்துக்குத்தான்.

அடுத்தது ரவை. தாச்சியில் இளஞ்சூட்டில் பிரட்டுங்கள், நிறம் மாறக்கூடாது. கைபொறுக்கிற சூட்டில் பட்டரோடு குழைத்து, மூடி, ஒரு இரவு வையுங்கள். ரவை பட்டரைக் குடித்துப் பருக்கும். இதை விட்டால் பல்லில் ரவை நறநறக்கும், கலவையும் இறுகாது. கொப்பியில் இது எழுதியிருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இது தெரிந்த விஷயம். எங்கள் அம்மாவின் கொப்பியிலும் இல்லை.

சௌசௌவும் இஞ்சியும் சீனிப்பாகில் ஊறி வருகிறவை. போத்தலில் இருந்து அப்படியே கொட்டாமல் வடிதட்டில் போட்டுப் பாகு முழுக்க வடியவிடுங்கள். வடிந்த பாகு பிளேன்டீக்கு நல்லது. பழங்களைக் கத்தியால்தான் வெட்டவேண்டும். மெஷினில் போட்டால் களியாகிவிடும். கத்தி ஒட்டினால் சுடுதண்ணீரில் தோய்த்துத் தோய்த்து வெட்டுங்கள். வெட்டியதைப் பிராண்டி, தேன், ரோஸ் வாட்டர், வனிலா, கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய்த் தூளோடு பிசறி மூடி வைத்தால் குறைந்தது ஒரு கிழமை ஊறட்டும். கூட ஊறினாலும் பிழையில்லை. எங்கள் வீட்டில் நவம்பர் கடைசியிலேயே பழம் வெட்டிவிடுவோம். ஒவ்வொருவரும் வெட்டுகிற அளவைப் பார்த்தே யார் வெட்டியது என்று சொல்லலாம். என் மச்சாள் வெட்டினால் செரி நாலாகத்தான் இருக்கும், அதற்குமேல் பொறுமை கிடையாது.

கலக்கிற நாளில் மஞ்சள் கருவையும் சீனியையும் வெளுத்துத் தடிக்கும்வரை அடியுங்கள். அதில் ரவை பட்டர், பிறகு பழம், பிறகு கஜு. இந்த இடத்தில் பீட்டரை ஒதுக்கிவிட்டுக் கையைப் போடுங்கள். பெரிய சட்டியில் அடியிலிருந்து மேலே பிரட்டிக்கொண்டு வரும்போது பழத்தின் மேல் எல்லாப் பக்கமும் கலவை பிடித்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரியும். கடைசியில் வெள்ளைக் கரு. அகப்பையால் அள்ளித் தூக்கினால் ஒழுகக்கூடாது, தயங்கிப் பொத்தென்று விழவேண்டும். ஒழுகினால் பழம் போதாது என்று அர்த்தம். அந்த நேரத்திலும் ஒரு பிடி பிளம்ஸ் போட்டுச் சரிசெய்யலாம்.

இனி அவன். மாமி எழுதிய 'மெல்லிய சூடு' 140, கூடினால் 150. நீங்கள் வைத்த 180 பட்டர் கேக்குக்கான சூடு. மேசை அவனில் திருகியில் போட்டிருக்கிற எண்ணையும் நம்பமுடியாது. உள்ளே வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்குங்கள். என் பழைய அவனில் 150 என்று திருப்பினால் உள்ளே 175 காட்டும். தட்டின் அடியிலும் பக்கத்திலும் நாலைந்து படை பத்திரிகைத் தாள், அதன் மேல் பிரவுன் பேப்பர், அதன் மேல் பட்டர் பூசிய ஒயில் பேப்பர். சிலர் அடியில் இரண்டு தாளோடு விட்டுவிடுகிறார்கள், மேசை அவனில் அடிக்கம்பி மிகக் கிட்ட இருப்பதால் அது காணாது. ஒரு மணித்தியாலம் போனதும் மேற்பக்கத்தையும் தாளால் மூடுங்கள். மொத்தம் இரண்டேகால், இரண்டரை மணித்தியாலம். ஈர்க்குக் குத்திப் பார்த்தால் பழத்தில் பட்டு ஈரமாகத்தான் வரும், அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். நடுவில் விரலால் மெல்ல அழுத்துங்கள். திரும்பி எழும்பினால் போதும். அன்றைக்கே தட்டிலிருந்து கழற்றவும் கூடாது, அன்றைக்கே வெட்டவும் கூடாது.

2022 டிசம்பரில் இந்த இரண்டரை மணித்தியாலம்தான் பெரிய தலையிடி. தினமும் மின்வெட்டு, பகலில் ஒன்று, இரவில் ஒன்று. மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதிக்கு எந்த எழுத்து, எத்தனை மணிக்கு வெட்டு என்று பார்த்துத்தான் கேக் வைத்தோம். அதற்கு முந்திய வருடம் காஸ் தட்டுப்பாடு, சிலிண்டர் வெடிக்கிற பயம் வேறு. இந்த ஊரில் கேக் சுடுகிறவள் பத்திரிகையைப் படித்துவிட்டுத்தான் தட்டுக்குள் போடவேண்டும்.

டொபியைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், எனக்கும் அதற்கும் சரிவராது.


மறுமொழி: ஜம்பட்டா வீதி

கூட்டைப் பற்றி நான் சொல்கிறேன். நானும் தம்பிமாரும் கோயில் வாசலுக்கு வருடா வருடம் கட்டுகிறோம்.

மகன் கட்டிய அமைப்பில் பிழை இருக்காது. ஐந்து சிம்பில் ஒரு நட்சத்திரம், இன்னொரு ஐந்தில் மற்றது, இரண்டையும் ஐந்து நுனியிலும் சேர்த்துக் கட்டி, உள்ளே சிம்புகள் ஒன்றையொன்று வெட்டுகிற ஐந்து இடத்திலும் குட்டித் தடி கொடுத்து வயிற்றைத் தள்ளவேண்டும். அந்தக் குட்டித் தடி ஐந்தும் ஒரே அளவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கூடு முறுகும். சிம்பு சீவும்போது கணு வருகிற இடத்தை நுனியில் வைக்காமல் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், நுனியில் கணு இருந்தால் நூல் இறுகாது.

பிரச்சினை பசையில். மாப் பசை ஈரக் காற்றில் இளகும், கரப்பானும் தின்னும். பைண்டர் கம் வாங்குங்கள். தாளை விளிம்பில் ஒட்டி அப்படியே விடாமல், சிம்பைச் சுற்றி உள்ளே மடித்து ஒட்டவேண்டும். காற்று பிடிப்பது அந்த விளிம்பைத்தான்.

டிஷ்யூ பேப்பர் ஒட்டிக் காய்ந்த பிறகு வாயால் அல்லது ஸ்பிரே போத்தலால் மிக மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளித்து நிழலில் விடுங்கள். காயும்போது சுருங்கி இறுகும், விரலால் சுண்டினால் டப் டப் என்று சத்தம் வரும். ஆனால் கடல் பக்கத்துப் பால்கனிக்கு டிஷ்யூவே வேண்டாம் என்பேன். மே மாதம் பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக் கூட்டுக்கு விற்கிற நிற ஒயில் பேப்பர் இருக்கிறதே, அதை அப்போதே நாலு தாள் வாங்கிச் சுருட்டி வைத்துவிடுங்கள். டிசம்பரில் தேடினால் எல்லா நிறமும் கிடைக்காது. தூறலுக்கு அது தாங்கும்.

முன்பு 40 வாட் பல்பு போடுவோம். அந்தச் சூட்டில் தாள் காய்ந்தபடியே இருக்கும், ஆனால் பல்பு ஆடித் தாளில் பட்டால் கருகும், நெருப்பும் பிடிக்கும். இப்போது எல்.இ.டி. போடுங்கள், பயமில்லை. கூட்டின் கீழ் நுனிகள் இரண்டிலும் விரல் நுழைகிற அளவுக்குத் துளை விடுங்கள், உள்ளே இறங்கும் ஈரம் வெளியே போகும். ஒரே கயிற்றில் தொங்கவிடாமல் கீழே இருந்தும் ஒரு மெல்லிய நூலால் பால்கனிக் கம்பியில் இழுத்துக் கட்டுங்கள். சுழன்று சுழன்றுதான் அநேகமான கூடுகள் கிழிகின்றன.

பொடியன் சொன்ன பிளாஸ்டிக் கூடு மோசமில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே கூடு. தெருவில் நடந்து போகும்போது நின்று பார்க்க ஒன்றுமில்லை.


மறுமொழி: தெஹிவளை

டொபி: அடுத்த நாள் பிசுபிசுத்தால் இரண்டு காரணம். ஒன்று, கொஞ்சம் முந்தி இறக்கிவிட்டீர்கள். டின்பாலும் சீனியும் திரண்டு தாச்சியின் பக்கங்களை விட்டு வரும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். விரலால் உருட்டினால் உருண்டையாகி, அமத்தினால் மட்டும் நசியவேண்டும். கரைந்து போனால் இன்னும் கிண்டவேண்டும். இரண்டு, கொழும்புக் காற்று. சீனி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். துண்டு ஆறியதும் உடனே ஒவ்வொன்றாக ஒயில் பேப்பரில் சுற்றி, இறுகிய மூடியுள்ள டின்னில் போடுங்கள். பிரிஜ்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்க்கும். மழை நாளில் டொபி கிண்டவே வேண்டாம் என்று எங்கள் அம்மம்மா சொல்லுவார். நான் மழையிலும் கிண்டியிருக்கிறேன், உடனே சுற்றினால் வரும்.


மறுமொழி: வெள்ளவத்தை மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. அன்ரி, ஒயில் பேப்பர் வரைக்கும் எழுதியதை மகள் அப்படியே மாமியின் கொப்பிக்குள் எழுதி வைத்துவிட்டாள்.

இன்னும் இரண்டு கேள்வி. எங்கள் மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது, பிராண்டி இல்லாமல் செய்தால் கெட்டுப் போகுமா? மற்றது, எதிர்வீட்டு மாமி டிசம்பரில் பிள்ளையார் பெருங்கதை விரதம், பிறகு திருவெம்பாவை என்று முட்டை தொடமாட்டார். என் அம்மாவும் அப்படித்தான். அவர்களுக்கு என்ன கொடுக்கிறது? மேலே வெள்ளை ஐசிங்கும் போட ஆசை.


மறுமொழி: கொட்டாஞ்சேனை அன்ரி

பிராண்டி இல்லாமல் தாராளமாகச் செய்யலாம். பழத்தை வெட்டியதும் ஒரு பங்கை வேறு பாத்திரத்தில் எடுத்துத் தோடம்பழச் சாற்றிலும் தேனிலும் பிசறுங்கள். அதை ஒரு கிழமை வெளியே வைக்காமல் பிரிஜ்ஜில் ஒரு இரவு வைத்தால் போதும். வனிலா எசன்ஸ் போத்தலையும் திருப்பிப் பாருங்கள், சிலதில் மதுசாரம் இருக்கும். அகப்பை, சட்டி, தட்டு எல்லாவற்றையும் கழுவிவிட்டு இதைத்தான் முதலில் கலந்து சுடுங்கள், பிராண்டிக் கேக் பிறகு. நானும் பக்கத்து வீட்டுக்கு அப்படித்தான் செய்கிறேன், அவர்களிடமும் அதைச் சொல்லித்தான் கொடுப்பேன். அந்தக் கேக்கைக் கிறிஸ்மஸுக்குக் கிட்டச் சுடுங்கள், சீக்கிரம் சாப்பிடவும் சொல்லுங்கள். பிராண்டிக் கேக்கை டிசம்பர் தொடக்கத்திலேயே சுட்டு, மேலே கரண்டியால் பிராண்டி விட்டுச் சுற்றி டின்னில் வைத்தால், வைக்க வைக்க ருசி.

எதிர்வீட்டு மாமிக்கும் உங்கள் அம்மாவுக்கும் முட்டையில்லாக் கேக் என்று ஒன்றைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். "இதில் முட்டை இல்லையா, உண்மையாகவா" என்று அவர்கள் யோசித்துக்கொண்டே இருப்பார்கள். பயற்றம் பணியாரம் செய்யத் தெரிந்த வீட்டுப் பிள்ளைதானே நீங்கள். வறுத்த பயற்றம்மா, தேங்காய்ப்பூ, சீனிப்பாகு, ஏலம். தோய்க்கிற மாவிலும் முட்டை கிடையாது. புது எண்ணெயில் பொரித்து, கேக் சுற்றுகிற அதே நிறத் தாள் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். மில்க் டொபியிலும் முட்டை இல்லை, தெஹிவளைக்காரர் சொன்னமாதிரி சுற்றினால் அதையும் கொடுக்கலாம்.

ஐசிங் வேண்டாம் பிள்ளை. முட்டை வெள்ளைக் கருவில் செய்கிற வெள்ளை ஐசிங் காய்ந்து இறுக நல்ல உலர்ந்த காற்று வேண்டும், ஏசி இல்லாத வீட்டில் மழை பிடித்தால் மேலே ஈரம் கோத்துக்கொண்டே இருக்கும். கட்டாயம் என்றால் கஜுவை அரைத்து ஐசிங் சீனி, ரோஸ் வாட்டர், ஆமண்ட் எசன்ஸ் சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாக உருட்டி மேலே ஒட்டிவிடுங்கள். எங்கள் பக்கம் கலியாணக் கேக்குக்குப் போடுவதும் அதுதான். கஜு விலைதான் உங்களுக்குத் தெரியுமே.

பழத்தை இந்தச் சனிக்கிழமையே வாங்குங்கள். புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத்தெருப் பக்கம் காலையில் போனால் பிளம்ஸும் சுல்தானாவும் நிறுத்து வாங்கலாம். டிசம்பர் நடுவில் போனால் அந்தத் தெருவுக்குள் காலை வைக்கமுடியாது.